“நீயே பார்த்துச் சொல்லு”



டிவி ரிமோட்டைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, 5-ஆம் எண் பட்டனைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலான ரிமோட்களில் அங்கே ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்படும். பழைய பட்டன் போனிலும் அது உண்டு. ஏடிஎம் மெஷினிலும் உண்டு. விரல் 5-ஐக் கண்டுபிடித்துவிட்டால் போதும், மற்ற எண்கள் எங்கே இருக்கின்றன என்று கைக்கே தெரியும். இத்தனை வருடம் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தும் நம்மில் பலர் கவனித்ததில்லை.

ஸ்மார்ட்போனில் அந்த மேடு போய்விட்டது. மேலிருந்து கீழ் வரை ஒரே வழவழப்பு. போன் மட்டுமா? இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், புது லிஃப்ட், கடையில் கார்டு தேய்க்கும் மெஷின் எல்லாம் ஒவ்வொன்றாக வழவழப்பாகிக்கொண்டு வருகின்றன. மிக்ஸியில் குமிழைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒன்றில் நிற்கும், இன்னொரு ‘டக்’கில் இரண்டு. கண் வேண்டியதில்லை. அதே வீட்டில் வாங்கி வைத்த டச் அடுப்பில், எங்கே தொட்டால் பற்றும், எங்கே தொட்டால் அணையும் என்று குனிந்து உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தாலும் தெரியாதவர் என்ன செய்வார்?

பார்வையற்றவர் என்றதும் வெள்ளைக் கோலும் பிரெய்லும் நம் நினைவுக்கு வரும். அவர்களுக்கும் முழுப் பார்வை உள்ளவர்களுக்கும் நடுவே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. கண்ணாடி போட்டாகிவிட்டது, ஆபரேஷனும் ஆகிவிட்டது, ஆனாலும் முழுதாகத் தெளியவில்லை. டாக்டர்கள் இதை ‘லோ விஷன்’ என்பார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பார்வையின்மை வேறு, குறைந்த பார்வை வேறு என்று இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது.

இதில் சங்கடம், வெளியில் பார்த்தால் தெரியாது என்பது. குளுக்கோமா முற்றியவருக்கு நேர்ப் பார்வை இருக்கும், பக்கப் பார்வை போயிருக்கும். பேப்பர் படிப்பார், எழுந்து நடந்தால் நாற்காலியில் இடித்துக்கொள்வார். விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவர் தெருவில் தாராளமாக நடந்து போவார். எதிரே நிற்கும் மருமகளின் முகம் தெரியாது. சர்க்கரை கண்ணைப் பாதித்தவருக்கு அங்கங்கே திட்டுத் திட்டாக மறைக்கும், அதுவும் நாளுக்கு நாள் மாறும். “பேப்பர் படிக்கத் தெரியுதாம், நாற்காலி தெரியலையாம்” என்று குத்திக்காட்டும் உறவுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அதனாலேயே இவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. “கண்ணாடியை எங்கேயோ வச்சுட்டேன், நீயே பார்த்துச் சொல்லு” என்பார்கள். வாட்ஸ்அப்பில் பதில் வருவது குறையும். போன் அடித்தால் யார் என்று பார்க்காமலேயே எடுப்பார்கள். “வயசாச்சு, இதெல்லாம் எனக்கு எதுக்கு” என்று ஸ்மார்ட்போனை ஒதுக்கி வைப்பார்கள். போன் பிடிக்காமல் ஒதுக்கியவர் எத்தனை பேர், தெரியாமல் ஒதுக்கியவர் எத்தனை பேர்?

எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். மாத்திரை வாங்கினார். போனை மூக்கருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு கடைப் பையனிடமே நீட்டிவிட்டார். “நீயே போட்டுக்கப்பா” என்றவர், பின் நம்பரையும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். வரிசையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பையன் நல்ல பிள்ளை, சரியான தொகையைத்தான் போட்டான். எல்லாக் கடையிலும் நல்ல பிள்ளை கிடைப்பானா? பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் எச்சரிக்கின்றன. சொல்லாமல் பணம் கட்ட வழியில்லாதபடி திரையை அமைத்ததும் அவர்கள்தானே?

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். அப்பாவின் பின் நம்பர் பேரனுக்குத் தெரியும், அம்மாவின் பென்ஷன் எவ்வளவு என்று மருமகனுக்குத் தெரியும். எல்லாம் அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் சம்பாதித்த காலத்தில் தன் கணக்கைத் தானே பார்த்தவருக்கு, தன் பணத்தில் பேத்திக்கு ஒரு பரிசு அனுப்பக்கூட ஆள் தேட வேண்டியிருப்பது எப்படி இருக்கும்?

முதலில் நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். கண்புரையாக இருந்தால் பெரும்பாலும் ஆபரேஷனில் சரியாகிவிடும், ஆகவே டாக்டரிடம் போவது முதல் வேலை. அதற்கு மேல் சரியாகாது என்று ஆகிவிட்டாலும், “இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று திரும்பி வந்துவிடாதீர்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் லோ விஷனுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மிச்சமிருக்கும் பார்வையை வைத்து எப்படிச் சமாளிப்பது என்று அங்கே சொல்லித் தருவார்கள்.

அடுத்து, அந்த போன். ஆண்ட்ராய்டோ ஐபோனோ, செட்டிங்ஸில் ‘அணுகல்தன்மை’ அல்லது ‘ஆக்சசிபிலிட்டி’ என்று ஒரு பகுதி இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், தடிமனாக்கலாம். கண் கூசுபவர்களுக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கலாம். உருப்பெருக்கத்தை ஆன் செய்துவிட்டால், ஆண்ட்ராய்டில் ஒரு விரலால் மூன்று தட்டு, ஐபோனில் மூன்று விரலால் இரண்டு தட்டு, திரையே பெரிதாகிவிடும். தொட்ட இடத்தில் இருப்பதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டவும் வசதி உண்டு. மாத்திரை அட்டையில் தேதி தெரியவில்லையா? போட்டோ எடுத்து விரலால் விரித்துப் பாருங்கள், எந்த பூதக்கண்ணாடிக்கும் குறைந்ததில்லை. இத்தனைக்கும் தனியாக ஒரு ரூபாய் செலவில்லை. செய்யும்போது ஒரு விஷயம்: போனை வாங்கிக்கொண்டு போய் நீங்களே எல்லாவற்றையும் மாற்றித் திருப்பிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த அளவு போதுமாப்பா?” என்று கேட்டுக் கேட்டு, அவர் விரலாலேயே செய்ய விடுங்கள். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

டச் அடுப்புக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஒரு கைவைத்தியம். ஆன் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் காயவிட்டு, அதன் மேல் இன்னொரு சொட்டு வையுங்கள். (அடுப்பில் சூடாகும் இடத்தை விட்டு, பட்டன் ஓரமாக மட்டும்.) ரிமோட்டில் இருக்கும் அதே மேடுதான், நாமே செய்துகொள்கிறோம்.

ரூபாய் நோட்டிலும் இப்படி யோசித்திருக்கிறார்கள். 100 ரூபாய் நோட்டின் ஓரத்தில் நான்கு மேட்டுக் கோடுகள், 500-இல் ஐந்து. 200-இல் நான்கு கோடுகளோடு நடுவில் இரண்டு வட்டங்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கை மாறி மாறிக் கசங்கிய நோட்டில் கோடு எங்கே தட்டுப்படுகிறது? அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், மூன்றுக்கும் அகலம் ஒன்றே, நீளம் 142, 146, 150 மில்லிமீட்டர். ஒன்றுக்கொன்று ஓர் உளுந்தம்பருப்பு அளவுதான் வித்தியாசம். மஞ்சள் 200-ம் பச்சை கலந்த மஞ்சள் 20-ம் மாலை வெளிச்சத்தில் கண்ணை ஏமாற்றும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1-ஆம் தேதி ‘மணி’ என்றொரு ஆப் வெளியிட்டது. கேமராவை நோட்டுக்கு நேராகப் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று குரலில் சொல்லும், இன்டர்நெட் வேண்டாம். நல்ல நோட்டா, கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

எனக்கு மிகவும் பிடித்தது, போனில் பணம் வந்ததும் எவ்வளவு என்று குரலில் சொல்லும், கடைகளில் இருக்கும் அந்தச் சவுண்ட் பாக்ஸ். கூட்டத்தில் போனைப் பார்க்க நேரமில்லாத கடைக்காரருக்காக வந்தது அது. கண் மங்கிய பூக்கார அம்மாவுக்கும் இட்லிக்கடை பெரியவருக்கும் அதுதான் இன்று கணக்குப்பிள்ளை. எத்தனை ரூபாய் வந்தது என்று இன்னொருவரைக் கேட்க வேண்டியதில்லை.

நாம் வீட்டில் செய்வதெல்லாம் ஓரளவுக்குத்தான். எழுத்தைப் பெரிதாக்கியதும் சில வங்கி ஆப்களில் ‘பணம் செலுத்து’ பட்டன் திரைக்குக் கீழே ஓடி ஒளிந்துகொள்கிறது. ஓடிபி வந்து அதைப் படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. முக்கியமான தகவலை வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்தில் போடுவது இப்போதைய ஃபேஷன். இருபத்தைந்து வயதுக் கண் வடிவமைத்து, இருபத்தைந்து வயதுக் கண் சரிபார்த்தது. இதற்கு உலகளாவிய அளவுகோல் இருக்கிறது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். எட்டாத கணக்கு ஒன்றும் இல்லை, பார்த்தால் போதும்.

சட்டமும் இவர்கள் பக்கம்தான் நிற்கிறது. வங்கிக் கணக்குக்கு முகம் காட்டி கேஒய்சி செய்யும்போது, உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்கக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். ஆசிட் வீச்சில் கண் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வை இல்லாதவர் திரையில் இருக்கும் வட்டத்துக்குள் முகத்தை எப்படிக் கொண்டுவருவார்? இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி, டிஜிட்டல் சேவைகளை எட்டுவதும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. ஆகவே வங்கியில் போய் “எங்கப்பாவுக்கு இது தெரியலை, வேறு வழி செய்து கொடுங்க” என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. தைரியமாகக் கேளுங்கள், எழுத்தில் கொடுங்கள்.

கடையில் புது அடுப்போ மெஷினோ வாங்கும்போதும், “குமிழ் வைச்ச மாடல் இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால் விற்பவர் கம்பெனியிடம் சொல்வார்.

உங்கள் வீட்டில் இதற்கென்று நீங்களே கண்டுபிடித்த உபாயங்கள் நிச்சயம் இருக்கும். மாத்திரை டப்பாவுக்கு ரப்பர் பேண்ட், உப்பு ஜாடிக்கு நூல் என்று எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். எழுதச் சிரமப்படுபவர்கள் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்