பெருங்களத்தூரில் கார் செய்தோம். தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறோம்

மாடம்பாக்கத்திலோ முடிச்சூரிலோ வீட்டு வாசலில் கார் நிறுத்தியிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், "ஏன் ஐயா கார் வாங்கினீர்கள்?" என்று. "வசதி வந்தது, வாங்கினேன்" என்று ஒருவர் சொல்வார். "பஸ் இல்லை, வாங்கினேன்" என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்வார். முதல் பதிலைப்பற்றி நமக்குப் பேச ஒன்றுமில்லை. உழைத்தவர் வாங்குகிறார், மகிழ்ச்சி. இரண்டாவது பதிலைப்பற்றித்தான் நாம் எழுதுகிறோம்.

நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு தாம்பரத்துத் தெரு ஒன்றில் கார் நின்றால் அது டாக்டர் வீடாக இருக்கும், அல்லது கல்யாண வீடாக இருக்கும். மற்றவர்க்கெல்லாம் கால், சைக்கிள், ரயில். இத்தனைக்கும் கார் எங்கோ தொலைவில் செய்யப்பட்ட பொருளல்ல. பக்கத்துப் பெருங்களத்தூரில், வண்டலூருக்கு இப்பால், ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஹெரால்டு கார் அங்கே உருவாயிற்று. எழுபதுகளில் கெஜல் வந்தது. அந்தக் கார்களைப் பூட்டி முடுக்கி, வண்ணம் பூசி வெளியே அனுப்பிய தொழிலாளர்கள் சைக்கிளை மிதித்தும், மின்சார ரயிலில் தொங்கியும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். தான் செய்த பொருளைத் தான் வாங்க முடியாதவன்தான் தொழிலாளி என்பதற்கு வேறு சான்று தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

பணம் இருந்தவருக்கும் அன்று கார் எளிதில் கிட்டவில்லை. 1980 வரை இந்த நாடு முழுவதிலும் ஓராண்டில் ஐம்பதாயிரம் கார்கள்கூடச் செய்யப்படவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி வந்ததும் அந்தக் காலம் மலையேறிற்று. பெருங்களத்தூர் முதலாளிகளோ, சிறிய கார் வேண்டிநின்ற நாட்டுக்கு 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். பெட்ரோலைக் குடித்த அளவுக்கு அது ஓடவில்லை. 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. தவறாகக் கணக்குப் போட்டவர்கள் மேலே இருந்தவர்கள். வேலை இழந்தவர்கள் கீழே இருந்தவர்கள். இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகளும் கணினி அலுவலகங்களும் நிற்கின்றன. கார் வெளியே வந்த இடத்துக்குள் இன்று கார்கள் வரிசையாக நுழைகின்றன!

பிறகு நடந்ததை நாட்டோர் நன்கறிவர். 1993இல் கார்த் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்றாயிற்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ, 1999இல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான். வங்கிகள் கடன் கொடுக்கக் கூவி அழைத்தன. (அந்த ஃபோர்டும் 2022இல் இங்கே உற்பத்தியை நிறுத்தியது. அது தனிக்கதை.)

இன்று நாட்டில் ஆண்டொன்றுக்கு நாற்பது இலட்சத்துக்கும் மேல் கார்கள் விற்கின்றன. ஊரெல்லாம் கார் வந்துவிட்டது என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவோர் கணக்கையும் பார்க்கட்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூறு குடும்பங்களில் இரண்டரைக் குடும்பத்துக்குத்தான் கார் இருந்தது. 2011இல் 4.7 குடும்பத்துக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஏறத்தாழ எட்டு. நகரங்களில் இது கூடுதல்தான், மறுக்கவில்லை. எவ்வளவு கூட்டிப் பார்த்தாலும் காரில்லாத வீடே மிகுதி. சாலை யாருக்காகப் போடப்படுகிறது என்று நாம் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

தாம்பரம் ரயிலால் வளர்ந்த ஊர். 1931லேயே கடற்கரையிலிருந்து இங்கே மின்சார ரயில் ஓடியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று நிலையத்துக்கு நடந்துபோகும் தொலைவில் வீடுகள் எழுந்தன. பின்பு மனை விலை ஏறிற்று. விலை ஏற ஏற, நடுத்தரக் குடும்பம் நிலையத்தைவிட்டு விலகி, அகரம்தென்னுக்கும் மண்ணிவாக்கத்துக்கும் போயிற்று. வீடு போன இடத்துக்கு ரயில் போகவில்லை, பஸ்ஸும் போதிய அளவு போகவில்லை. விமான நிலையம் வரை 2016இல் வந்த மெட்ரோவும் தாம்பரத்தை எட்டவில்லை. கணவருக்கு வேலை சிறுசேரியில், மனைவிக்குக் கிண்டியில், பிள்ளைக்குப் பள்ளி மேடவாக்கத்தில். முதலில் ஒரு ஸ்கூட்டர், அதில் நால்வர். ஒரு மழைநாளில் சறுக்கி விழுந்து எழுந்தபின், தவணைக்குக் கார். இதை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் கார் எங்கே நிற்கிறது? இருபதடித் தெருவில் நிற்கிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, போதாததற்குச் சாக்கடைமேல் நீட்டிக் கட்டிய சரிவு மேடை. பால் வாங்கப் போகும் பாட்டி நடுத்தெருவில் நடக்கிறாள். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்தால் ஓட்டுநர் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார். பொதுத்தெருவில் ஆறடிக்குப் பன்னிரண்டடி இடத்தை ஆண்டு முழுவதும் காசில்லாமல் வளைத்துக்கொள்ள யார் உரிமை தந்தது? அதே இடத்தில் ஓர் ஏழை இட்லிக்கடை போட்டால் ஒரு வாரம் விட்டுவைப்பார்களா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கார்கள் மூழ்கின. அந்தப் பாடத்தால் 2023 டிசம்பரிலும் 2024 அக்டோபரிலும் மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். நாம் கேலி செய்யவில்லை. தவணை முடியாத பொருளை யார்தான் தண்ணீருக்கு விடுவார்? காருக்குப் பாலம் கிடைத்தது. ஏரிக்கரைக் குடிசைக்கு எந்தப் பாலம்?

சாலையை அகலமாக்கு, மேம்பாலம் கட்டு என்பார்கள். 2020இல் பல்லாவரத்திலும் வண்டலூரிலும் மேம்பாலங்கள் திறந்தாயிற்று. பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் இரவில் பெருங்களத்தூரில் போய் நின்று பாருங்கள். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. "வரி குறைந்தது, இனி அதே பெயருள்ள சாலையில் இடம் குறையும்" என்றார் நண்பர் ஒருவர். சிரிப்பதா, அழுவதா?

நாம் கேட்பது பெரிய திட்டமல்ல. தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் நிலையங்களிலிருந்து உள்தெருக்களுக்கு, ரயில் வரும் நேரம் பார்த்துப் புறப்படும் சிறிய பஸ்கள். மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் 2013இலேயே சிறிய பஸ்களை விட்டுக் காட்டியிருக்கிறது, புதுமை ஒன்றுமில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல ஏற்பாடு. வராத பஸ்ஸில் கட்டணம் இல்லாமல் இருந்து என்ன பயன்? 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையத்தைத் திறந்தார்கள்; திறந்த நாளில் அதன் அருகே ரயில் நிலையம் இல்லை. மூட்டையும் குழந்தையுமாக நின்றவர் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினார்.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. எழுபது வார்டுகள், எழுபது உறுப்பினர்கள். நாம் அவர்களை அழைக்கிறோம்: ஒரு நாள், ஒரே ஒரு நாள், காரை வீட்டில் விட்டுவிட்டு, இரவு ஒன்பது மணி ரயிலில் தாம்பரத்தில் வந்து இறங்குங்கள். அங்கிருந்து உங்கள் வார்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள், எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். அதை நாம் இதே பத்தியில் வெளியிடுகிறோம்.