படுக்கைக்கும் மூட்டைக்கும் நடுவே

மேற்குக் கொச்சியில் ஓடுகிறவர்களுக்கு ஏற்றம் என்றால் பாலம்தான். சுள்ளிக்கல்லிலிருந்து தோப்பும்படி வரை தரை ஒரே சமம். அங்கே பாலம் ஏறி வில்லிங்டன் தீவில் இறங்கினால் அன்றைய மலை முடிந்தது. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியில் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு, பல வருஷமாகக் காலை நேரத்துச் சந்தோஷம் அவ்வளவுதான். பிறகு சிக்குன்குனியா வந்தது.

காய்ச்சல் சீக்கிரம் போய்விட்டது. மூட்டுவலி போகவில்லை. காலையில் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாது, விரல் மடங்காது, வெயில் ஏறினால்தான் கொஞ்சம் இளகும். கொச்சியில் ராமேஸ்வரம் கால்வாய்ப் பக்கம் குடியிருக்கும் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. 2006, 2007இல் கேரளத்தில் ஊர் ஊராகப் படுக்கவைத்த நோய் இது.

யோசனைக்குப் பஞ்சமில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தி நிலவேம்புப் பொடி அனுப்பினாள். அடுத்த வீட்டுச் சேச்சி, கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், உழிச்சில் என்னும் எண்ணெய்த் தடவல் செய்துகொண்டால் எல்லாம் சரியாகும் என்றார். குடோன் காவல்காரர், "இனி ஓட்டமொன்னும் வேண்டா, அண்ணாச்சி" என்றார். டாக்டர் மாத்திரை எழுதி, ரெஸ்ட் எடுங்கள் என்றார். எல்லாருக்கும் நல்ல மனசு. மறுபடி எப்போது தொடங்குவது, எவ்வளவில் தொடங்குவது என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

ரெஸ்ட் என்பது இலவசமில்லை. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்து ஆராய்ந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் பறித்திருந்தது. ஆனால் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்ததில், முதுமையால் போனது திரும்பியது. ஐம்பது வயதில்! எனக்கும் அந்த வயதுதான் என்பதால் இந்தக் கதையை அலுவலகத்தில் அடிக்கடி சொல்லித் தொல்லை கொடுப்பேன்.

இன்னொரு சிக்கல், உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடும். குதிகால் நாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று ஓடுகிறவர்கள் அடுத்து நொண்டிக்கொண்டு வருவது இதனால்தான். எனக்கு வாய்த்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்ன அளவுகோல் எளிமையானது: இன்று செய்தது சரியா என்று நாளைக் காலையில் பாருங்கள். எழும்போது விறைப்பு நேற்றைவிடக் கூடியிருந்தால் குறையுங்கள்; இல்லையென்றால் ஒரு விளக்குக் கம்ப தூரம் கூட்டுங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் ஓட்டமே கூடாது என்பதில் மட்டும் அவர் கறார். வைரஸ் இருதயத் தசையையும் தொடக்கூடும்.

நோயிலிருந்தும் காயத்திலிருந்தும் திரும்பியவர் என்றால், பாலக்காட்டு நீளம் தாண்டுதல் வீரர் முரளி ஸ்ரீசங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் குடல்வால் அழற்சியால் காமன்வெல்த் போட்டியை இழந்தார். அதே செப்டம்பரில் புவனேஸ்வரில் 8.20 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். 2024 ஏப்ரலில் முழங்கால் போய், தகுதி பெற்றிருந்த பாரிஸ் ஒலிம்பிக்கும் போயிற்று. 2025 ஜூலையில் புனேயில் 8.05 மீட்டரோடு திரும்பினார். நாம் உடனே மனவுறுதி என்று எழுதிவிடுகிறோம். மனவுறுதி இல்லாமலா? ஆனால் அறுவை சிகிச்சையும், பயிற்சியாளரான தகப்பனாரும், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட அவகாசமும் அந்த மனவுறுதிக்குப் பக்கத்தில் நின்றன. மனவுறுதியை மட்டும் புகழ்ந்தால், தேறாதவன் சோம்பேறி என்றாகிவிடும்.

நான் ஓடாவிட்டால் உலகம் ஒன்றும் நின்றுவிடாது. எங்கள் குடோனில் மூட்டை தூக்குகிறவருக்கு அப்படியில்லை. அதே கொசு அவரையும் கடிக்கிறது. அவருக்கு இருப்பது இரண்டே நிலை: வீட்டில் கூலியில்லாமல் படுக்கை, இல்லையென்றால் முதல் நாளே முழு மூட்டை. நடுவில் ஒரு படிகூட இல்லை. விளையாட்டு வீரனுக்கு நாம் தரும் விளக்குக் கம்பக் கணக்கு அவருக்குத்தான் முதலில் வேண்டும்.

செய்ய முடியாத காரியமில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1978இலேயே சட்டம் வந்தது. நல வாரியமும் இருக்கிறது. காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்குச் சில வாரம் பாதிச் சுமை, முழுக் கூலி என்று அந்த வாரியம் ஒரு விதி எழுதலாம். ஆஸ்பத்திரியில் தரும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எப்படியும் காலியாகத்தான் கிடக்கிறது. முதல் வாரம் எவ்வளவு நடக்கலாம், எதைத் தூக்கக் கூடாது என்று அதில் அச்சடித்துக் கொடுக்கலாம்.

பணம் எங்கே என்று முதலாளிமார் கேட்பார்கள். ஒருவரைச் சில வாரம் பாதிச் சுமையில் வைத்திருக்கும் செலவு, அதே ஆள் மறுபடி மறுபடி படுத்து எழும் செலவைவிடக் குறைவாகத்தான் வரும் என்பது என் கணிப்பு. பேரேட்டைக் கொடுத்தால் உட்கார்ந்து கூட்டிக் காட்டுகிறேன்.