கரிகாலன் கொலை வழக்கு

காரைக்காலுக்கு வடமேற்கே சில கல் தொலைவில் இருக்கிறது நெடுங்காடு. சென்ற ஆவணியில் என் அத்தையின் பேத்திக்கு அங்கே கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, பந்திக்கு இலை போடுவதற்குள் அரை மணி அவகாசம் இருந்தது. அந்த மாதிரி அரை மணியில் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அரசியல் பேசுவார்கள், இல்லாவிட்டால் சினிமா பேசுவார்கள். அன்று அத்தை வீட்டுத் திண்ணையில் அந்த இரண்டும் இல்லை. ஒரு கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தது.

கொலையுண்டவன் ஆதித்த கரிகாலன். இடம் கடம்பூர் மாளிகை. 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. விளக்கு அணைகிறது, இருட்டில் இளவரசன் விழுகிறான், யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருந்த வந்தியத்தேவன் தலையில் பழி விழுகிறது. பிறகு மணிமேகலை, "நான்தான் கொன்றேன்" என்கிறாள். பெரிய பழுவேட்டரையர், "என் கைக் கத்திதான்" என்கிறார். ஆசிரியர் கல்கியோ வாயைத் திறக்கவில்லை.

திண்ணையில் நாலு கட்சிகள். பழுவேட்டரையர் ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு என்றது ஒரு கட்சி. மானமுள்ள கிழவர் பழியைத் தாமாக ஏற்றுக்கொண்டார், செய்தவன் ரவிதாசன் என்றது இன்னொரு கட்சி. நந்தினியை விட மாட்டேன் என்றது மூன்றாவது. 2022-லும் 2023-லும் வந்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்த பையன் ஒருவன், கரிகாலன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று சாதித்தான். உடனே கிளைவழக்கும் கிளம்பிற்று. நந்தினிக்கு வீரபாண்டியன் காதலனா, தகப்பனா? முதல் பாகத்தில் ஒன்றைச் சொல்லிக் கடைசிப் பாகத்தில் வேறொன்றைச் சொன்னால் எதை நம்புவது? குரல்கள் உயர்ந்தன. மேளக்காரர்கள்கூட வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

என் சகோதர எழுத்தாளர்களில் சிலர் இந்தச் சர்ச்சைகளைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். "இலக்கியத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் குறுக்கெழுத்துப் போட்டி நடத்துகிறார்கள்" என்பார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. நான் உருவாக்கிய ஒரு பாத்திரத்துக்காக ஒரு கல்யாண வீட்டில் ஒருவரோடொருவர் சண்டை பிடித்தால், அந்த வீட்டுக்கு நானே தாம்பூலம் வாங்கிக்கொண்டு போவேன்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1870-ல் ஒரு நாவலை முடிக்காமலே இறந்து போனார். எட்வின் ட்ரூடைக் கொன்றது யார் என்பது தெரியாமல் போயிற்று. 1914-ல் லண்டனில் இதற்காக ஒரு பொய்க் கோர்ட்டே நடந்தது. நீதிபதி செஸ்டர்ட்டன், ஜூரிகளின் தலைவர் பெர்னார்ட் ஷா. கடைசியில், தம்மைத் தவிர அங்கிருந்த அத்தனை பேரும் நீதிமன்றத்தை அவமதித்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னார் செஸ்டர்ட்டன்! அந்த மேதைகள் இலக்கியம் படிக்கத் தெரியாதவர்களா?

என் அத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பத்து நாலு வயது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரையில் வாராவாரம் வந்தபோது அவள் பாவாடை கட்டிய சிறுமி. நெடுங்காடு அப்போது பிரெஞ்சுக்காரன் ஊர். சோழன் கதையைச் சுமந்துகொண்டு பத்திரிகை சுங்கச் சாவடியைத் தாண்டி வர வேண்டும். கதை முடிந்து ஆறு மாதம் கழித்து, 1954 நவம்பர் முதல் தேதிதான் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. இதே திண்ணையில் தாத்தா உரக்கப் படிப்பாராம்; தெருவே கூடுமாம். சோழ நாட்டின் ஆற்றங்கரையிலேயே இருந்துகொண்டு, அயல்நாட்டுப் பிரஜைகளாகச் சோழ நாட்டுக் கதையைக் கேட்டவர்கள் அவர்கள். குந்தவையை வந்தியத்தேவன் சந்தித்த அரிசிலாறு இருக்கிறதே, அதுதான் அரசலாறாகி இன்றைக்கும் காரைக்காலில் கடலோடு கலக்கிறது.

"யார் அத்தை கொன்றது?" என்று அவளைக் கேட்டேன்.

"மணிமேகலைதான்டா" என்றாள், யோசிக்காமல்.

"அதற்கு என்ன சாட்சி?"

"சாட்சி என்ன சாட்சி? எல்லோரும் தப்பிச்சிண்டா. அவள் ஒருத்திதானே பைத்தியமாகிச் செத்தாள்?"

பாத்திரங்களைப் பற்றிய வாதம் என்பது இதுதான். நந்தினியை ஒருத்தி மன்னிக்கிறாள், இன்னொருத்தி மன்னிக்க மறுக்கிறாள் என்றால், நந்தினியைப் பற்றிக் கொஞ்சமும் அவர்களைப் பற்றி நிறையவும் நாம் தெரிந்துகொள்கிறோம். இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நந்தினியின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் காண முடியாது. அவள் கல்கியின் கற்பனைக்குப் பிறந்தவள். அவளைத் தூக்கில் போட்டாலும் அழுவதற்கு உறவினர் இல்லை.

ஆனால் அன்று வழக்கு அதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் எழுந்தான். படித்த பிள்ளை. "கதையெல்லாம் கிடக்கட்டும் சார். கல்வெட்டே இருக்கிறது. கொன்றவர்கள் பெயர் இருக்கிறது. அவர்கள் என்ன சாதி என்றும் இருக்கிறது. அப்போதே இந்தச் சாதி இப்படித்தான்" என்றான். அந்தச் சாதியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பெண்ணுக்கு அரிச்சுவடி கற்பித்தவர். அவர் ஒன்றும் பேசவில்லை. இலை போட்டாயிற்று என்று குரல் வந்ததும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "ராத்திரியில் நான் சாப்பிடுவதில்லை அம்மா" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாற்பது வருஷமாக அந்த வீட்டு விசேஷங்களில் ராச்சாப்பாடு சாப்பிட்டவர் அவர்.

கல்வெட்டு இருப்பது உண்மை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. ஆடிப் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையேறி வருகிறானே, அந்த வீரநாராயண ஏரிக்குப் பக்கத்து ஊர்தான். ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் எழுந்த ஆணை அதிலே இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் உடன்பிறந்த பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற ரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராஜன் என்ற பரமேசுவரன் ஆகியோரை அது குறிக்கிறது. பட்டங்களைப் பார்த்தால் அவர்கள் பிராமண அதிகாரிகள் என்பது தெளிவு. இதை மறைப்பானேன்?

கல் சொல்வது அவ்வளவுதான். எதற்காகக் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. யார் ஏவினார்கள் என்று சொல்லவில்லை. கொலை நடந்தது ஏறக்குறைய 969-ல். ராஜராஜன் அரசனானது 985-ல். நடுவில் உத்தம சோழன் ஆண்டான். ஏன் அதுவரையில் தண்டனை இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த மௌனத்தை வைத்துக்கொண்டு, உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார் நீலகண்ட சாஸ்திரியார். அப்படிச் சந்தேகிக்க இடமில்லை என்று மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். இருவரும் கல்லைக் கண்ணால் படித்தவர்கள். படித்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள்.

திண்ணைத் துப்பறிவாளர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. உத்தம சோழனைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜன் ஆட்சியிலே கோயில் காரியங்களை மேற்பார்க்கும் அதிகாரியாக இருந்தான் என்பதை அவர்கள் கேட்டதும் இல்லை. தமையனைக் கொல்வித்தவனின் மகனை வைத்துக்கொண்டா ராஜராஜன் கோயில் கணக்குப் பார்த்தான்? அது போதாதென்று சிலர் குந்தவையையே ஏற்றுகிறார்கள்! தம்பியை அரசனாக்குவதற்காக அண்ணனைத் தீர்த்துக் கட்டினாளாம். இதற்குக் கல்லிலும் செம்பிலும் ஓர் எழுத்து உண்டா? தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தாய் தந்தையரின் திருமேனிகளை எடுப்பித்தவள். தந்தை பெயரால் ஆதுலர் சாலை வைத்தவள். அவள் கொடுத்தவற்றைத் தன் கொடைகளுக்கு அடுத்தாற்போல் ராஜராஜன் கல்லில் வெட்டச் சொன்னான். உயிரோடு இருந்த ஒரு பெண்மணிமேல், "இப்படி இருந்தால் சுவையாக இருக்குமே" என்பதற்காகக் கொலைக் குற்றம் சாட்டுவது ரசனையா? நான் அதை அவதூறு என்பேன்.

இதைவிடப் பெரிய கொடுமை சாதியை இழுப்பது. சோழன் எங்கள் ஆள் என்று கொடி பிடிக்கும் சங்கங்கள் ஒன்றல்ல, பல இருக்கின்றன. பெருமையில் பங்கு கேட்கிறவர்கள் பழியைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளுகிறார்கள். மூன்று பேர் செய்ததற்கு முப்பது தலைமுறை பொறுப்பு என்றால், எந்தச் சாதிக்காரன் இந்த நாட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியும்?

அந்தக் கல்வெட்டைக் காட்டுகிறவர்கள் அதை முழுதும் படித்ததில்லை. அதிலே என்னை உறங்கவிடாமல் செய்யும் பகுதி கொலையாளிகளின் பெயர்கள் அல்ல. அடுத்தாற்போல் வரும் பட்டியல். யார் யாருடைய உடைமையைப் பறிப்பது என்று வரிசையாகச் சொல்கிறது: தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகளை மணந்தவர்கள். கொலை நடந்த அன்று பிறந்திராத பிள்ளையும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம். கொலை நடந்த பிறகு, ஒன்றும் அறியாமல் அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவனும் இருந்திருக்கலாம். பத்தாம் நூற்றாண்டு அரசன் ஒருவன் ராஜத் துரோகத்துக்கு அப்படித் தண்டித்தான். அது அந்தக் காலத்து நீதி. அவனாவது மருமகனோடு நிறுத்தினான். நம்முடைய படித்த பிள்ளை ஆயிரம் வருஷம் தாண்டி, நெடுங்காட்டு வாத்தியார் வரையில் பட்டியலை நீட்டினான்!

கல்கிக்கு இந்தக் கல்வெட்டு தெரியும். அந்தப் பெயர்களையே கதையில் வைத்தார். ஆனாலும் கடம்பூர் அறையில் விளக்கை அணைத்தார். விடை கொடுக்கத் தெரியாமலா விட்டார்? ஐந்து பாகம் எழுதியவருக்கு ஒரு வரி எழுத முடியாதா? கல் பேசாத இடத்தில் தாமும் பேசுவதில்லை என்று நிறுத்திக்கொண்டார் என்றுதான் ஒரு நாவலாசிரியனாகிய நான் அதைப் படிக்கிறேன். கதை முடிந்ததும் வாசகர்கள் கேள்விகளாகக் கேட்டார்கள். முடிவுரையில் சிலவற்றுக்கு மட்டும் பதில் சொன்னார். மற்றவற்றை வாசகனுக்கே விட்டார். அவர் விட்டது கற்பனை செய்யும் உரிமையை. தீர்ப்புச் சொல்லும் உரிமையை அல்ல.

ஆகையால் வாதாடுங்கள். நந்தினிக்கு வக்காலத்து வாங்குங்கள். பழுவேட்டரையரை விடுதலை செய்யுங்கள். என் அத்தையோடு சண்டை பிடியுங்கள். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டுக் கல்லின் பக்கம் திரும்பும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்கள் வாழ்ந்தவர்கள். கல்லிலிருந்து தெருவுக்குத் திரும்பும்போது வாயையே மூடிக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்கள் வாழ்கிறவர்கள்.

மறுநாள் விடியற்காலையில் அத்தை தானே வாத்தியார் வீட்டுக்கு நடந்து போய் அழைத்து வந்தாள். முகூர்த்தத்துக்கு வந்தார், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அட்சதை போட்டார். தோழன் எழுந்து நாற்காலி கொடுத்தான், உட்கார்ந்துகொண்டார். பந்திக்கு அழைத்தபோது மட்டும், "இன்றைக்கு வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.