புத்தகத்துக்குத் தீ வைத்தது யார்?

தோழர்களே! பணமூட்டைகள் ஒரு புத்தகத்தை “ஆபாசம், ஆபாசம்” என்று கூச்சலிட்டால், அதில் கூலிக் கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நாம் தேடிப் பார்க்க வேண்டும்.

1939 ஏப்ரலில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்ற நாவல் வெளிவந்தது. ‘சினத்தின் திராட்சைகள்’ என்று பொருள். வறட்சியும் பாங்கும் டிராக்டரும் சேர்ந்து ஓக்லஹோமா மண்ணை விட்டுத் துரத்திய ஒரு குத்தகை விவசாயிக் குடும்பம், கூலி வேலை தேடிக் கலிபோர்னியாவுக்குப் போகிற கதை. பழம் பறிக்கப் பெட்டிக்கு ஐந்து சென்ட் என்று ஆளைக் கூப்பிடுகிறார்கள். வந்த பிறகு இரண்டரை சென்ட்தான் என்கிறார்கள். வேலைநிறுத்தம் செய்தவனின் மண்டை உடைகிறது.

கதையின் ஒரு பகுதி நடப்பது கலிபோர்னியாவின் கெர்ன் ஜில்லாவில். பண்ணை முதலாளிகள் பொறுப்பார்களா? 1939 ஆகஸ்ட் 21-இல் அந்த ஜில்லா நிர்வாக சபை, நான்குக்கு ஒன்று என்ற வாக்கில், பொது நூல்நிலையங்களிலும் பள்ளிகளிலும் நாவலைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில், இல்லினாய் மாநிலத்துக் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகர நூல்நிலையக் குழு, தன்னிடமிருந்த மூன்று பிரதிகளை எரிக்கவே உத்தரவிட்டது!

காரணம் என்ன சொன்னார்கள்? கெட்ட வார்த்தைகளாம்! ஜில்லாவுக்கு அவதூறாம்! கொச்சைச் சொற்கள் நாவலில் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் பசித்த குழந்தையின் வயிற்றைவிடக் கொச்சைச் சொல்லா இவர்கள் காதைச் சுட்டது?

இந்தத் தடை யாரைத் தாக்கியது என்று பாருங்கள். புத்தகத்தின் விலை இரண்டே முக்கால் டாலர். பணமுள்ளவன் கடையில் வாங்கிப் படித்தான். அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற நாவல் அதுதான். பெட்டிக்கு இரண்டரை சென்ட் வாங்குகிறவன் அதை வாங்க 110 பெட்டி பழம் பறிக்க வேண்டும்! அவனுக்கு இருந்த ஒரே கதவு நூல்நிலையம். அதைத்தான் அடைத்தார்கள்.

கொடுமை அதோடு நின்றதா? கெர்ன் ஜில்லாப் பண்ணை முதலாளிகள் காமிராவுக்கு முன்னால் அந்த நாவலை எரித்தார்கள். தீ வைக்க யாரை நிறுத்தினார்கள்? ஒரு பண்ணைத் தொழிலாளியை! அவர் அதைப் படித்ததே இல்லை. தன் கதையைத் தன் கையாலேயே எரிக்க வைத்தார்கள். படிக்க விடாதவன் நம்மை எதற்குப் பயன்படுத்துவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எல்லோரும் வாய் மூடியிருக்கவில்லை. ஜில்லா நூல்நிலைய அதிகாரி கிரெட்சன் நீஃப் என்ற பெண்மணி, தன் வேலைக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும், தடை வீண், ஆபத்தானது என்று சபைக்கே கடிதம் எழுதினார். தொழிற்சங்கத்தாரும் குரல் எழுப்பினர். 1940-இல் நாவல் புலிட்சர் பரிசு பெற்றது. 1941 ஜனவரியில் தடை விலகியது. தடை போட்ட சபையை இன்று யார் நினைக்கிறார்கள்? நாவல் வாழ்கிறது!

தோழர்களே! நூல்நிலையம் நமது வரிப்பணத்தில் நடப்பது. அதன் படியேறத் தயங்காதீர்கள். நம் வாழ்வைச் சொல்லும் புத்தகத்தைக் கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். எழுத்தறியாத தோழருக்கு வாசித்துக் காட்டுங்கள். படித்தவன் கையில் எவனும் தீப்பெட்டியைத் திணிக்க முடியாது!