முரண்பட்டவரும் நம்மவரே

இசுலாமியத் தமிழ்ப் புலவர் வரிசையை உமறுப் புலவர் முதலாகப் பெருமிதத்துடன் எண்ணிவரும் நாம், கவிஞர் இன்குலாப் பெயரருகே வந்ததும் சற்றே தயங்குகிறோம். அத்தயக்கம் தகுமா என்பதே நம் வினா.

கீழக்கரையில் 1944ஆம் ஆண்டு பிறந்த சாகுல் அமீதுதான், 'புரட்சி' எனப் பொருள்படும் இப்பெயரைப் புனைந்துகொண்டவர். சென்னைப் புதுக் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்தவர். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நின்ற அவரை, 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமை மார்க்சியத்தின்பால் திருப்பியது. அவருடைய 'மனுசங்கடா' பாடல் ஒடுக்கப்பட்டோர் மேடைகளில் இன்றும் ஒலிக்கிறது. இராசராச சோழனைக் குறித்த கவிதையோ பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. சமய நம்பிக்கையிலும் அவர் நம்மில் பலரினின்று வேறுபட்டார்.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் அமிரி பராக்காவும் இத்தகையவரே. அவரும் பிறவிப் பெயரைத் துறந்தார். இனத் தேசியத்திலிருந்து மார்க்சியத்திற்கு வந்தார். 2001 செப்டம்பர்த் தாக்குதல் பற்றிய அவர் கவிதை யூதர்மீது பழி சுமத்துவதாகக் கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நியூசெர்சி மாநில அரசு, அவர் வகித்த அரசவைக் கவிஞர் பதவியையே 2003இல் ஒழித்தது. பதவியை ஒழிப்பது கவிதைக்கு மறுமொழி ஆகுமா?

நம் பொத்தேரிக்குச் சற்று வடக்கேயுள்ள ஊரப்பாக்கத்தில் 2016 டிசம்பர் 1ஆம் நாள் இன்குலாப் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. நம் பெரியோர் பலருக்கு உடன்பாடில்லாத முடிவு அது. 2017இல் 'காந்தள் நாட்கள்' நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, அவர் கொள்கையை மதித்துக் குடும்பத்தார் அதனை ஏற்க மறுத்தனர். வாழ்விலும் மறைவிலும் சொல்லும் செயலும் ஒன்றாக இருந்த ஒருவரை, கருத்து வேறுபாடு ஒன்றையே காரணங்காட்டி ஒதுக்குதல் முறையன்று.

படிப்பது வேறு, உடன்படுவது வேறு. ஒரு நூலைப் படித்து, ஏற்பன ஏற்று, மறுப்பன காரணத்தோடு மறுக்கும் துணிவை வளர்ப்பதே தமிழ்த்துறையின் கடமை. எனவே, மாணவச் செல்வங்கள் ஆண்டுக்கொரு நாளேனும் இன்குலாப் கவிதைகளைப் படித்து விவாதிக்க வேண்டும். மாறுபட்ட கருத்துடைய சமுதாயப் பெரியோரும் அவ்வரங்கிற்கு வந்து தம் மறுப்பை உரைக்க வேண்டும். ஒரு கவிஞருக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பு அதுவே என்பது நம் துணிபு.