சோப்பு பிள்ளைக்கு எட்டுகிறதா?

அக்டோபர் 15, உலகக் கைகழுவும் நாள். அன்று நம் அங்கன்வாடிகளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பாட்டோடு கைகழுவ வைத்து, படம் எடுத்து அனுப்புகிறோம். பிள்ளைகளும் அழகாகச் செய்கிறார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று வரிசை மாறுவதில்லை. மறுநாள் மதியம் அதே பிள்ளைகள் ஒரே வாளியில் கையை முக்கி உதறிவிட்டுத் தட்டின் முன்னால் உட்காருகிறார்கள்.

அவர்கள் பாடத்தை மறக்கவில்லை. சோப்பு மேல் அலமாரியில் இருக்கிறது. வெளியே வைத்தால் காக்கா தூக்கிப் போய்விடும், இல்லையென்றால் பிள்ளைகளே தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடுவார்கள் என்பார் உதவியாளர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. குழாய் பெரியவர்கள் உயரத்தில் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை எக்கி நின்று கையை நீட்டினால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்குகிறது. முழுக்கட்டிச் சோப்பு அந்தக் கைக்குள் நிற்காமல் வழுக்கி மண்ணில் விழுகிறது. இத்தனையையும் தாண்டித் தினமும் கைகழுவ எந்தப் பிள்ளையால் முடியும்?

வங்கதேசத்தில் இரண்டு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். சுகாதாரப் பாடம் எதுவும் நடத்தவில்லை. கழிப்பறையிலிருந்து கைகழுவும் இடம்வரை பாதை போட்டு, அதில் பளிச்சென்ற வண்ணத்தில் பாதச் சுவடுகளையும், கைகழுவும் இடத்தில் கைத்தடங்களையும் வரைந்தார்கள். கழிப்பறை போய்வந்து சோப்பு போட்டுக் கைகழுவிய பிள்ளைகள் முன்பு 4 சதவீதம். ஆறு வாரம் கழித்து 74 சதவீதம். இரண்டே பள்ளிகள்தான் என்றாலும், நம் வேலைக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

நம் மையங்களிலும் இப்படி இடத்தையே பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றலாம். சோப்புக் கட்டியை நான்காக நறுக்குங்கள். அல்லது 30 கிராம் சோப்புத்தூளை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கலக்கி, மூடியில் துளையிட்ட பாட்டிலில் ஊற்றிவைத்தால் காக்காய்க்கும் வேலையில்லை. குழாயடியில் இரண்டு செங்கல் வைத்துப் பூசினால் படி ஆகிவிடும். குழாய் இல்லாத மையத்தில் உதவியாளர் குவளையால் ஊற்றட்டும். வாளிக்குள் கை போகக்கூடாது. கழுவிய பிறகுதான் தட்டு கைக்கு வரும் என்று தினமும் ஒரே ஒழுங்கில் நடந்தால், சில வாரங்களில் பிள்ளைகளே தட்டுக்கு முன் குழாயைத் தேடுவார்கள்.

வீட்டுப் பக்கமும் வேலை இருக்கிறது. கைக்குழந்தையின் மலத்தால் கெடுதல் இல்லை என்று நம்பும் தாய்மார்கள் இன்றும் உண்டு. அதிலும் நோய்க்கிருமி உண்டு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் கிருமிப் பேச்சு மட்டும் போதாது. வேலூரை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில் 2011இல் 14 கிராமங்களில் நடந்த ‘சூப்பர் அம்மா’ ஆய்வில் நோய்களைப் பற்றிய பேச்சையே தவிர்த்தார்கள். அழுக்குக் கையின் அருவருப்பையும், பிள்ளையை நல்லபடி வளர்க்கும் தாயின் பெருமையையும் கதையாகக் காட்டினார்கள். கைகழுவ வேண்டிய நேரங்களில் சோப்பு போட்டுக் கழுவுவது தொடக்கத்தில் ஏறத்தாழ 1 சதவீதம். ஆறு மாதத்தில் 37. பரப்புரை நடக்காத ஊர்களில் அப்போது 6 சதவீதம்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அருவருப்பு கையிலுள்ள அழுக்கின் மேல்தான் வர வேண்டும், பிள்ளையின் மேல் வரக்கூடாது. நகம் கறுத்து, தலை சீவாமல் வரும் பிள்ளையை மற்றவர்கள் முன்னால் “அழுக்குப் பிள்ளை” என்று சொல்லவே சொல்லாதீர்கள். தண்ணீருக்குக் குடத்தோடு அலையும் வீட்டுப் பிள்ளை அது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளை அந்தச் சொல் இன்னும் ஆழமாகக் காயப்படுத்தும். பேசாமல் கூட்டிப்போய், கழுவிவிட்டு, நகம் வெட்டி, உட்காரவையுங்கள்.

மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பதிவேட்டைக் கேட்பதற்கு முன் குழாயடியில் குனிந்து, அங்கிருக்கும் மிகச் சின்னப் பிள்ளைக்குச் சோப்பும் தண்ணீரும் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்ய ஏற்பாடு செய்யுங்கள்.