கூடு நம்முடையது, கண் யாருடையது?

கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அமர்ந்திருக்கும் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர்களிடம் பீரங்கி போன்ற நீண்ட லென்ஸ்களைக் காணலாம். அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர்கள் பெரும்பாலும் மூன்றுதான்: கேனான், நிக்கான், சோனி. மூன்றும் ஜப்பானிய நிறுவனங்கள். இவற்றுக்கிடையிலான போட்டியில் ஒசூர்-கிருஷ்ணகிரி தொழில் வட்டாரம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

மங்கிய வெளிச்சத்தில், தொலைவில் ஓடும் வீரரைத் தெளிவாகப் படமெடுக்க, லென்ஸ் மிகுதியான ஒளியை உள்வாங்க வேண்டும். 400 மி.மீ. குவியத் தொலைவும் எஃப் 2.8 துளை அளவும் கொண்ட லென்ஸின் ஒளிவாய் ஏறத்தாழ 143 மி.மீ. விட்டம் இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கை எந்த நிறுவனத்தாலும் மாற்ற இயலாது. அவ்வளவு பெரிய கண்ணாடியில் நிறங்கள் சிதறாமல் காப்பதிலும், எடையைக் குறைப்பதிலும்தான் போட்டியே.

செயற்கை ஃபுளூரைட் படிகத்தை உருவாக்கக் கற்ற கேனான், 1969-இல் அதைக் கேமரா லென்ஸில் பயன்படுத்தியது. அன்று பத்திரிகை உலகில் கோலோச்சியது நிக்கான். 1987-இல் கேனான் தனது பழைய லென்ஸ் பொருத்தும் முறையையே கைவிட்டு, மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. பழைய வாடிக்கையாளர்களை இழக்கும் துணிவு அதற்குத் தேவைப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் மைதானங்களில் அதன் வெள்ளை லென்ஸ்களே நிறைந்தன. 2006-இல் கோனிகா மினோல்டாவின் கேமரா தொழிலை ஏற்ற சோனி, 2018-இல் 3 கிலோவுக்கும் குறைவான 400 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. 1990-களில் இவ்வகை லென்ஸின் எடை ஏறத்தாழ 6 கிலோ.

பொருளியல் நோக்கில் கவனிக்க வேண்டியது, லாபம் எங்கே தங்குகிறது என்பதை. கேமரா உடலைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுவர். லென்ஸ் பல ஆண்டுகள் நிலைத்து, வாடிக்கையாளரையும் பிணைத்து வைக்கும். நிக்கானின் பல கேமராக்களில் இருப்பது சோனி தயாரித்த ஒளியுணரி. போட்டியாளரே வந்து வாங்கும் அளவுக்கு அந்த நுட்பத்தின் மதிப்பு உயர்ந்திருக்கிறது.

கைப்பேசியிலும் இதே நிலைதான். ஒசூரை அடுத்த டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஐஃபோனுக்கான வெளிக்கூட்டைத் தயாரிக்கிறது. அதே ஐஃபோனின் ஒளியுணரியை சோனி தருகிறது. லென்ஸ்களை வழங்குவோரில் முதன்மையானது தைவானின் லார்கன் நிறுவனம். கூடு செய்வது எளிய வேலை அன்று. 1984-இல் டிட்கோவும் டாடாவும் இணைந்து தொடங்கிய டைட்டன் கடிகார நிறுவனம் முதல் இவ்வட்டாரம் சேர்த்துவைத்த துல்லியப் பொறியியல் திறன் நம்மிடம் உண்டு. எனினும், கூலி குறைந்த வேறோர் இடம் கிடைத்தால் கூடு செய்யும் பணி அங்கே நகரக்கூடும். ஆயிரக்கணக்கான இளைஞர்களின், குறிப்பாகப் பெண்களின், எதிர்காலம் அதில் அடங்கியிருக்கிறது.

ஒளிப்படத் துறையில் தமிழகம் முன்பே ஒரு முறை முயன்றது. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், உள்நாட்டில் நிகரான போட்டியாளர் இன்றி வளர்ந்தது. 1990-களில் சந்தை திறந்தபோது தடுமாறியது. எண்மத் தொழில்நுட்பம் வந்தபின் மீளவே இல்லை. அரசு ஆதரவு மட்டும் போதாது, போட்டியும் வேண்டும் என்பதற்கு அது சான்று.

2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ரூ.22,919 கோடியில் மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கேமரா தொகுதிகளும் அதில் அடங்கும். அடுத்த மாதமே தமிழக அரசு தனது இணைத் திட்டத்தை அறிவித்தது. ஆனால், லென்ஸையும் ஒளியுணரியையும் இறக்குமதி செய்து இங்கே பொருத்துவதோடு நின்றுவிட்டால், இன்னொரு கூடு செய்தவர்களாவோம். கைப்பேசி லென்ஸ்களில் பெரும்பாலானவை நெகிழி வார்ப்புகள். அவற்றின் துல்லியம் அச்சில் இருக்கிறது. அச்சு, கருவித் தயாரிப்பில் பழகிய சிறுதொழில்கள் ஒசூரில் உள்ளன. மானியம் அவர்களையும் எட்ட வேண்டும்.

அறிவுக்கும் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிக்கு அண்டையிலுள்ள திருப்பத்தூர் மாவட்டத்தின் காவலூரில் 1986-இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி, பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் மெருகேற்றப்பட்டது. இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வகமும் பெங்களூரில்தான் உள்ளது. மாநில எல்லையைக் கடந்து இந்த ஆய்வகங்களையும் ஒசூர் பட்டறைகளையும் இணைக்கும் ஒளியியல் பயிற்சி மையம் ஒன்றை இரு மாநில அரசுகளும் சேர்ந்து நிறுவலாம்.

ஃபுளூரைட் லென்ஸைச் செய்த பிறகும் கேனான் மைதானங்களை வெல்ல இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நாமும் இன்றே தொடங்கினால்தான் அடுத்த தலைமுறைக்காவது பயன் கிட்டும்.